கழுகின் கழுத்தில் ஒரு கோடு

சட்டையின் நெஞ்சை நம்பலாம். முதுகை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். இரண்டும் சுவர் மாதிரி. எதை ஒட்டினாலும் ஒட்டிய இடத்தில் இருக்கும். கையை மட்டும் நான் ஒருநாளும் நம்பியதில்லை. மேஜைமேல் விரித்தால் தட்டையாக, சாதுவாகக் கிடக்கும். உள்ளே ஓர் ஆள் நுழைந்ததும் உருளும், திரும்பும், அக்குளுக்குள் ஒளியும். நட்டநடுவில் வைத்தோம் என்று நாம் மார்தட்டிக்கொண்ட படம், போட்டவர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததும் முதுகுப் பக்கம் போய் நின்றுகொள்ளும்.

தென்காசியில், கோபுரம் தெரிகிற ஒரு சந்தில், டி-சர்ட்டில் படம் ஒட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கபடி அணி வரும், கல்லூரிச் சுற்றுலா வரும், கோயில் கொடைக்கு ஒரே நிறத்தில் உடுத்த நினைக்கும் தெருக்காரர்கள் வருவார்கள். நெஞ்சில் பெயர், முதுகில் எண் என்று சொல்லி முடித்துவிட்டு, படி இறங்கும்போது திரும்பி, "கையில சின்னதா ஒண்ணு போட்டுருங்க" என்பார்கள். மொத்த வேலையில் என்னைப் பாடாய்ப் படுத்துவது அந்தச் சின்னதா ஒண்ணுதான்.

சட்டைக் கையை விரித்தால் தோள் தையலிலிருந்து கீழ் விளிம்புவரை ஒரு மடிப்புக் கோடு ஓடும். படத்தின் நடு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். கீழ்த் தையலுக்கு ஓர் இஞ்ச் மேலே படம் தொடங்க வேண்டும். பருத்தவருக்கு மூன்று இஞ்ச் அகலம், ஒல்லியானவருக்கு இரண்டரை. எல்லாருக்கும் ஒரே அளவை வைத்தால் ஒல்லிக்காரர் கையில் அது மாவுக்கட்டு மாதிரி இருக்கும். பருத்தவர் கையில் அம்மை குத்திய தழும்பு மாதிரி இருக்கும். இதற்கு மேல் இதில் சாஸ்திரம் கிடையாது. கிடையாது என்பதுதான் தொந்தரவு. கால் இஞ்ச் இறங்கியதற்கு யார் காரணம் என்று எந்தச் சட்டையும் சொல்லாது.

கடையில் நாங்கள் இரண்டு பேர். நான் கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்து, ஒட்டுகிற ஷீட்டில் வெட்டி எடுத்து, சட்டையில் சாக்பீஸால் இடம் குறிப்பேன். அதை மெஷினில் வைத்துச் சூட்டோடு அழுத்துகிறவள் அவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆறு வருஷமாக என்னோடு இருந்தாள். மெஷின் மூடுகிற சத்தத்தைக் கேட்டே அழுத்தம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். என் சாக்பீஸ் கோடு கோணினால், "யக்கா, ஆண்டவன் மனுசனுக்கு ரெண்டு கையோட விட்டான், பிழைச்சோம்" என்பாள். அவளைத் தவிர வேறு யார் அப்படிப் பேசினாலும் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

போன மே மாதம் ஓர் அண்ணாச்சி வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின், ராயகிரிப் பக்கம் ஒரு மைதானத்தில், போலீஸுக்கும் ராணுவத்துக்கும் ஆளெடுக்கும் தேர்வுகளுக்காகப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பழக்குகிறவர். பையன்கள் ஐம்பது, பெண்பிள்ளைகள் முப்பது. நீலச் சட்டை, நெஞ்சில் வெள்ளையில் பயிற்சி மையத்தின் பெயர், வலது கையில் வட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் கழுகு. மூன்று இஞ்ச்சில் ஒரு மாதிரி அடித்துக் காட்டினேன். சட்டையைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது என்ன, கொசுவா?"

"கழுகுதான் அண்ணாச்சி. கைக்கு இவ்வளவுதான் அழகு."

"அழகெல்லாம் கல்யாணத்துக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கவனுக்குத் தெரியணும், இது யாரு பயலுவன்னு."

மூன்றரை ஆக்கினேன். ஒல்லி, பருமன் என்று பார்க்காமல் எண்பதுக்கும் மூன்றரை. மெஷின் பக்கமிருந்து அவள் ஒரு பார்வை பார்த்தாள். பெண்பிள்ளைகளின் முப்பது சட்டைகளுக்கு முதலில் நானே குறித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் விடுப்பு என்பதால் நானே அழுத்தினேன். மறுநாள் செங்கோட்டையில் ஒரு துக்க வீடு. மூன்று நாள் கடைப்பக்கம் வர முடியவில்லை. பையன்களின் ஐம்பதையும் குறித்ததும் அழுத்தியதும் அவள் ஒருத்திதான்.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி ஒரு கட்டைப்பையோடு வந்தார். வணக்கம் இல்லை. பையைக் கவிழ்த்தார். பத்து நீலச் சட்டைகள். கைகளை ஒவ்வொன்றாக என் பக்கம் திருப்பி வைத்தார், செத்த பறவைகளை வரிசையாகக் கிடத்துவது மாதிரி. ஒவ்வொரு கழுகின் கழுத்திலும் குறுக்கே ஒரு கோடு. சிலதில் முடி மாதிரி, சிலதில் உதடு பிரிந்த மாதிரி. ஒன்றில் தலை பாதி உரிந்து, பக்கத்தில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியது போல் சாய்ந்திருந்தது. பத்திலும் ஒரே இடம். ஸ்கேல் வைத்துக் கீறினால்கூட அவ்வளவு ஒற்றுமை வராது.

"எல்லாவனுக்கும் இப்படித்தானா?"

"அம்பதுக்கும். பயலுவளக் கேட்டேன். வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுங்கான்."

"அப்பவே ஏன் ஒருத்தனும் சொல்லல?"

"கேட்டதுக்கு அம்பது பேரும் ஒரே வார்த்தை சொல்லுதான். பொய்யா இருக்குமா?"

ஐம்பது பேர் ஒரே வார்த்தை சொன்னால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. ஒரே குரலில் சத்தம் போடப் பழக்கியவர்தானே இவர் என்று விட்டுவிட்டேன்.

"பொம்பளப்பிள்ளைய சட்டையில ஒரு கீறல் இல்ல. அதை அடிச்சது யாரு?"

"நான்."

"இத?"

மெஷினைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவள் வெளியே சந்து முனையில் நின்று, வாயைக் கையால் மறைத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். என் கண்ணைத் தொடர்ந்து அண்ணாச்சியின் கண்ணும் அங்கே போனது. ஒரு பெயர்கூடச் சொல்லாமல் ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்க முடியும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அடுத்த மாசம் ஆளெடுப்பு. எல்லாவனும் ஒரே மாதிரி போய் எறங்கணும். என்ன செய்யணுமோ செய்ங்க" என்று சொல்லி, சட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் செய்த எதுவும் வெறுமனே செய்ததாகத் தெரியவில்லை. குனிந்தால் எதையோ ஒளிக்கிறாள். நிமிர்ந்தால் என்னை நோட்டம் பார்க்கிறாள். போன் வந்தால் வெளியே போகிறாள். முன்பெல்லாம் என் காதுக்குப் பக்கத்திலேயே நின்று மாமியாரோடு சண்டை போட்டவள். அண்ணாச்சி ஆர்டருக்காக வாங்கிய மஞ்சள் ஷீட் நான் போட்ட கணக்குக்கு முன்னாலேயே தீர்ந்திருந்தது. ஓர் அடிக்கு மேல் குறைந்தது. செவ்வாய்க்கிழமை விடுப்பில் அவளைக் குற்றாலம் ஐந்தருவியில், டி-சர்ட் தொங்கும் ஒரு கடையில் பார்த்ததாக எங்களுக்கு மொத்தமாகச் சட்டை கொடுப்பவர் சொன்னார். சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார். அதை நான் சும்மா விடவில்லை.

மூன்றையும் வைத்து ஒரு கதை கட்டினேன். முழு ஷீட்டை அவள் குற்றாலத்துக்குக் கொண்டுபோகிறாள். இங்கே குப்பையில் விழுந்த துண்டுகளைச் சேர்த்து, தலை ஒரு துண்டு, உடம்பு ஒரு துண்டு என்று ஒட்டுப்போட்டு அழுத்தியிருக்கிறாள். அதனால்தான் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கோடு. கதை அழகாக இருந்தது. கதை அவ்வளவு அழகாகப் பொருந்தியதே எனக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது. அவள் சாப்பிடப் போன நேரமெல்லாம் குப்பைக்கூடையைக் கிளறினேன். இறகுத் துண்டுகள், வட்டத்தின் ஓரங்கள். அலகு ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு உதறியும் விழாமல் நின்றது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் கேட்டேன்.

"ஏட்டி, மஞ்ச ஷீட் எப்படி அவ்வளவு சீக்கிரம் தீந்துது?"

"வெட்டுதது நீங்கல்லாக்கா. என்னக் கேட்டா?"

"வெட்டுதது நான். மிச்சத்தை எடுத்து வைக்கது நீ."

அவள் மெஷினைத் திறந்து, உள்ளே இருந்த சட்டையை வெளியே எடுத்து, ஆறுவதற்காக நீவி வைத்தாள். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளிடம் கிடையாது.

"ஐந்தருவியில ஒனக்கு என்ன சோலி?"

"ஓ, அதுவும் வந்துட்டா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சுத்தி வளைக்காதிய யக்கா. ஒட்டுப்போட்டு அடிச்சியாட்டின்னு நேரா கேளுங்க."

"அடிச்சியா?"

என் வாய் அந்தச் சொல்லைச் சொன்ன வேகம் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவள் கையுறையைக் கழற்றினாள். விரல் விரலாக, அவசரமில்லாமல்.

"ஐந்தருவி சமாச்சாரத்த நானே சொல்லணும்னுதான் இருந்தேன். இப்பச் சொன்னா அது சொல்லுததா இருக்காது, ஒத்துக்கிடுததா இருக்கும்." கையுறையை மெஷின்மேல் வைத்தாள். "சூடா கெடக்கு. அணைச்சிருங்க."

போய்விட்டாள்.

அடுத்த நாலு நாள் கடையில் மெஷினும் நானும். அவள் குற்றவாளிதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இல்லையென்றால் அந்தக் காலி நாற்காலியின் பக்கத்தில் உட்கார முடியாது. சூட்டைக் குறைத்து ஒரு கழுகை அழுத்தி, வாளியில் ஊறவைத்துக் கசக்கிப் பார்த்தேன். ஓரம்தான் உரிந்தது, கழுத்து அசையவில்லை. வேண்டுமென்றே இரண்டு துண்டை ஒட்டுப்போட்டு அழுத்தினேன். சேர்கிற இடம் நகத்தில் தட்டியது, வரப்பு மாதிரி. அண்ணாச்சியின் சட்டைகளில் தடவினேன். வரப்பு இல்லை. அது ஒரே ஷீட். முழுசாக ஒட்டப்பட்டு, பின்னால் உடைந்தது.

ஷீட் கணக்கையும் திரும்பப் பார்த்தேன். மூன்று இஞ்ச் என்றால் ஷீட்டின் அகலத்தில் ஒரு வரிசைக்கு ஆறு கழுகு விழும். மூன்றரை என்றால் ஐந்துதான். அண்ணாச்சிக்காக அளவைக் கூட்டியது நான்; ஆர்டருக்குப் பழைய அளவில் கணக்குப் போட்டதும் நான். குறைந்த ஓர் அடியை யாரும் எடுத்துப் போகவில்லை. என் அரை இஞ்ச் தின்றிருந்தது.

இரண்டு காரணமும் போய்விட்டன. சந்தேகம் போகவில்லை, உட்கார வேறு இடம் தேடியது. பிளேடால் கீறியிருப்பாளோ? ஐந்தருவியில் அப்படி என்னதான் இருக்கிறது? தெரிந்துகொள்ளாமல் தீராது என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

சீசன் உச்சம். சாரல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். பார்க்கிற நேரத்துக்கு அது மாறிவிடும். அருவி இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் ஆண்கள் மனைவிகளைக் கூப்பிட்டார்கள். எண்ணெய்க் குளியல் வாசம், நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் வாசம், ஈரத் துண்டு வாசம். சிப்ஸ் கடைக்கும் துண்டுக் கடைக்கும் நடுவே, ஒரு நீலத் தார்ப்பாயின் கீழே அவள் நின்றிருந்தாள். முன்னால் ஒரு சின்ன மெஷின், பழசு. 'உடனுக்குடன் பெயர் ஒட்டித் தரப்படும்' என்று எழுதிய அட்டை. ஒரு குழந்தையின் சட்டையில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சிப்ஸ் கடைக்குப் பின்னால் நின்றேன். அவள் ஷீட்டைப் பார்த்தேன்: மினுமினுக்கிற சிவப்பு. என் கடையில் அந்த நிறமே கிடையாது. என்னுடையது மேஜைக்கு அடியில் இருக்கும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படியும் நினைத்தேன்.

அப்போது அருவியிலிருந்து ஐந்தாறு இளவட்டங்கள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்கள். ஈரம் சொட்டும் நீலச் சட்டை. நெஞ்சில் இருந்த பெயர் நான் வெட்டியது. கையில் கழுகு இல்லை. ஒருவன் கையிலும் இல்லை.

உரித்து எடுத்துவிட்டாள் என்றே ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் கண் சரியாகப் பார்த்தது. சட்டைக் கைகள் இரண்டு மடிப்பு மடிக்கப்பட்டு, புஜத்துக்கு மேல் இறுக்கமாக ஏறியிருந்தன. கழுகு அந்த மடிப்புக்குள் இருந்தது.

சட்டையை வாங்கக் கடைக்கு வந்தவனாக இருக்க வேண்டும். ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கை தானாக மேலே போய் மடிப்பை இறக்கிவிட்டது. அவனைப் பார்த்து மற்றவர்களும். பொத்தென்று எல்லாக் கைகளும் இறங்கின, அணிவகுப்பு மாதிரி. அத்தனை கழுகும் வெளியே வந்தன. அத்தனைக்கும் கழுத்தில் கோடு.

"யக்கா, அண்ணாச்சிட்ட சொல்லிராதிய."

"என்னத்த?"

"மடிச்சு விட்டத. கைய மடிக்கவன் ரவுடின்னுருவாவ. பாத்தாவன்னா பத்து ரவுண்டு ஓடணும்."

"கோடு எப்படி விழுந்துதுன்னு கேட்டாவள்ளா?"

"கேட்டாவ. மொதல்லயே அப்படித்தான்னு சொல்லிட்டோம்."

பின்னால் நின்றவன் சிரித்தான். "பின்ன என்னக்கா? தண்டால் எடுத்து எடுத்து வளத்தத மூடி வச்சிக்கிடவா?"

"ஏலே, வாய மூடுலே" என்று மற்றவன் அவன் முதுகில் அடித்தான்.

ராயகிரி மைதானத்தில் அண்ணாச்சி முதுகைக் காட்டி நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஐம்பது பையன்கள் கையை இரண்டு மடிப்பு ஏற்றியிருக்கிறார்கள். அவர் திரும்பியதும் இறக்கியிருக்கிறார்கள். ஒரு மாதம். அந்த மடிப்பு நேராக வந்து விழுந்த இடம் கழுகின் கழுத்து. பெண்பிள்ளைகள் யாரும் மடிப்பதில்லை. இரண்டரை இஞ்ச்சில், தோள் பக்கமாக ஏற்றி வைத்திருந்தால் மடிப்பு தொட்டிருக்காது. மூன்றரை என்று கூட்டியது நான். தையலுக்கு ஓர் இஞ்ச் மேலே என்ற விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் நான். கையை நம்பாதவள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சட்டைக்குள் நுழையப் போகிற ஆளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

"என்னக்கா, சிப்ஸ் வாங்க வந்தியளா?"

அவள்தான். தார்ப்பாய்க்குக் கீழிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தேன். பையன்கள் நழுவிப் போனார்கள்.

"தப்பு என்னுது" என்றேன்.

"எது, அளவா?"

"அளவும்."

அவள் மெஷினை மூடினாள். சத்தத்தைக் கேட்டாள். திறந்தாள். "சீசனுக்கு மட்டும் இந்த எடத்தப் பிடிச்சிருக்கேன். ஒங்ககிட்ட சொல்ல நாலு வாட்டி வாயெடுத்தேன். நாலு வாட்டியும் நீங்க குப்பைய எண்ணிட்டு இருந்திய."

அவளுக்குத் தெரியாமல் கிளறியதாக நினைத்தேன். தெரிந்திருக்கிறது.

மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பையன்களைப் பற்றி மூச்சு விடவில்லை. அளவும் இடமும் என் தப்பு, ஐம்பதையும் புதிதாக அடித்துத் தருகிறேன், சின்னதாக, மேலே ஏற்றி வைக்கிறேன் என்றேன்.

"மறுபடியும் கொசுவா?"

"கொசுதான் அண்ணாச்சி. ஆனா முழுக் கொசு."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பிள்ளை மேல ஒண்ணும் இல்லங்கிய?"

"இல்ல."

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லாம அவளையே பாத்திய. இன்னைக்கு இல்லங்கிய. யாரையோ காப்பாத்துத மாதிரில்லா இருக்கு."

ஒரு பார்வையில் நான் அவர் மனதில் வைத்ததை வார்த்தையால் எடுக்க முடியவில்லை. "நீங்க சொல்லுதிய, சரி" என்று வைத்தார். அந்தச் 'சரி' நம்பின சரி இல்லை.

அவளைக் கடைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். வரமாட்டேன் என்றாள். வேணும்னா சட்டையக் கொண்டாங்க, கூட்டம் வருததுக்கு முன்னாடி இங்கனயே அடிச்சுத் தாரேன், ஆனா குறிக்கது நீங்கதான், என்றாள்.

புதன்கிழமை காலையில் ஐம்பது புதுச் சட்டையோடு ஐந்தருவியில் இறங்கினேன். கடைகள் பாதி திறக்கவில்லை. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் குத்தித் தள்ளிவிட்டு மெஷினைச் சூடாக்கினாள். நான் முதல் கையை விரித்து, மடிப்புக் கோட்டைப் பிடித்து, விளிம்பிலிருந்து நாலு இஞ்ச் அளந்து சாக்பீஸால் குறித்தேன். இரண்டரை இஞ்ச் கழுகை வைத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. போனை எடுத்தாள்.

"அப்படியே பிடிங்க."

படம் எடுத்தாள். போனில் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"கை மட்டும் விழுது. கொஞ்சம் நிமிந்து இங்கன பாருங்க யக்கா. மூஞ்சியும் விழட்டும்."

"எதுக்குட்டி?"

"நாளைக்கு யாராச்சும் கேட்டா, குறிக்கும்போது நீங்க இங்கன நின்னியன்னு இருக்கணும்லா."

குரலில் கோபம் இல்லை. மெஷினின் சூட்டைச் சொல்வது போல் சொன்னாள். நிமிர்ந்தேன். படம் எடுத்தாள். அழுத்தி முடித்த பின், ஒட்டிய கழுகோடு இன்னொன்று. இரண்டாவது சட்டைக்கும் அப்படியே. சிப்ஸ் கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எங்களையே வேடிக்கை பார்த்தார். எனக்குக் காது சுட்டது. எட்டோ ஒன்பதோ ஆன பிறகு அவள் சொல்லாமலே நிமிர்ந்தேன். சிரிக்கவா வேண்டாமா என்று முதலில் தெரியவில்லை. பிறகு சட்டைக் கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் இரண்டும் ஒரே படத்தில் விழும் என்று பிடிபட்டது. அப்படிப் பிடித்தேன்.

ஐம்பதும் முடிந்தது. நான் மடித்து அடுக்கிக் கட்டினேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து, போனை விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"யக்கா, இருபத்தேழாவது கலங்கிப்போயிருக்கு. இன்னொருக்கா நில்லுங்க."

கட்டைப் பிரித்தேன். இருபத்தேழாவது எது என்று மேலிருந்து எண்ணத் தொடங்கினேன்.